பத்து கிகாபிற் கிருபைரட்ணம்

கிருபைரட்ணத்துக்கு இந்த உலகத்தில் இரண்டு விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ஒன்று வைபை, மற்றது மச்சான். இரண்டும் சும்மா இருக்கும்போது வீடு முழுக்க நிறைந்திருக்கும். வேண்டிய நேரத்தில் ஒரு சுவர் குறுக்கே வந்தால் ஆளைக் காணக் கிடைக்காது. கேபிள் அப்படியா? தொட்டுப் பார்க்கலாம், இழுத்துப் பார்க்கலாம், பழுதானால் இன்ன இடத்தில் பழுது என்று பிடித்தும் விடலாம். "வைபை எண்டது ஊர்க்கதை. கேபிள் எண்டது சாட்சி" என்று அவர் சொல்லாத கடையில்லை, பள்ளிக்கூடமில்லை. ஒருதரம் போதகர் தம் பிரசங்கத்தில் விசுவாசத்தைக் காற்றோடு ஒப்பிட்டபோது, முன் வரிசை வாங்கிலிருந்து இதையே வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

அறுபத்தொரு வயது. மெல்லிய உடம்பு, தடித்த மீசை, அதைவிடத் தடித்த கருத்துகள். மோட்டார் சைக்கிளின் பின்னால் கேபிள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெல்லிப்பழைக்கும் பருத்தித்துறைக்கும் நடுவே அலைகிற அந்த ஆளைத் தெரியாத கணினிக் கடைக்காரர் கிடையாது. ஒரு கேபிளுக்குள் எட்டுக் கம்பி. எட்டும் நிற ஒழுங்கு தவறாமல் முனையில் வரிசையாக நிற்கவேண்டும். வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையார் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது இவருடைய வாயும் அசையும். எதைச் சொல்கிறார் என்பது பக்கத்தில் நிற்கும் மனைவி மியூரியலுக்கு மட்டும் தெரியும்.

இந்தத் தொழிலுக்கு அவர் சுற்றுப்பாதையால் வந்தவர். இளந்தாரிக் காலத்தில் தொலைபேசிக் கந்தோரில் கம்பி இழுக்கிற வேலை. ஆனால் அந்த யுத்த வருடங்களில் குடாநாட்டில் இழுக்கக் கம்பியும் இல்லை, கதைக்கத் தொலைபேசியும் இல்லை. பிறகு ரவுணில் கணினி நிலையங்கள் முளைத்தபோது, கம்பி என்று எழுதியிருந்த எல்லாவற்றுக்கும் ஆள் இவர்தான் என்றாகிவிட்டது. கணினிகளைக் கம்பியால் இணைக்கிற முறைக்குப் பெயர் ஈதர்நெற். அந்த நாளைய ஈதர்நெற் ஒரே ஒரு கறுப்புக் கம்பியில் எல்லாக் கணினிகளையும் கோத்திருக்கும். கடைசி மூலையில் ஒரு சிறு மூடி. அதை யாராவது காலால் தட்டிவிட்டால் முழு நிலையமும் செத்துப்போகும். கூட்டுக் குடும்பத்தில் ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு எழும்பினால் ஒருவருக்கும் சோறு இல்லை என்கிற மாதிரி. பிறகு ஆளுக்கொரு கேபிள் வந்தது, வேகம் பத்து மடங்கானது, பிறகு அதுவும் பத்து மடங்கானது. ஒவ்வொரு புது வேகத்தையும் கிருபைரட்ணம் தானே கண்டுபிடித்தவர்போலத்தான் ஊருக்குள் கொண்டுவருவார்.

இனி மச்சான். மியூரியலின் அண்ணன் அருள்நேசன், இப்போது லண்டனில் கணக்காளர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தகப்பன் இல்லாத குடும்பத்துக்கு அவர்தான் தலைவர். தங்கை ஒரு கம்பிக்காரனை, அதுவும் கம்பியில்லாத காலத்துக் கம்பிக்காரனை விரும்பியதில் அவருக்குப் பெரிய மகிழ்ச்சி இருந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் கலியாணம் நடந்தது. இப்போதும் அவர்கள் ஞாயிறுதோறும் போகிற அதே மிசன் தேவாலயம்தான். போதகர் புத்தகத்தைப் பார்த்து, "இந்தப் பெண்ணை இந்த மனுஷனுக்கு மனைவியாகக் கொடுப்பது யார்?" என்று கேட்டார். "நான் கொடுக்கிறேன்" என்று அருள்நேசன் சொல்லவேண்டும். சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கைலேஞ்சியை எடுத்துத் துடைத்தார். கூரையைப் பார்த்தார். சபை இருமியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஓர்கன்காரர், ஏதோ தவறவிட்டுவிட்டோமோ என்று பயந்து, ஒரு ஞானப்பாட்டின் முதலடியை வாசிக்கவே தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் அருள்நேசனின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

அந்த இடைவெளியைக் கிருபைரட்ணம் மன்னிக்கவேயில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகிறது. பேச்சுவார்த்தை உண்டு, நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து உண்டு, "மச்சான் எப்பிடி?" உண்டு. ஆனால் உள்ளே அந்த மனிதன் இன்னும் கூரையைப் பார்த்தபடிதான் நிற்கிறான். ஊர் பார்க்க, சபை பார்க்க, தரமாட்டேன் என்று சொல்லாமல் சொன்னவன். கோபம் வந்தால் மியூரியலிடம், "உம்மடை அண்ணை ஒரு பாட்டு முடியிற வரைக்கும் யோசிச்சவர்" என்பார். மியூரியல் கறிக்கு உப்புப் போடுவாள். சிலவேளை இரண்டுதரம் போடுவாள்.

இப்படியிருக்கையில் மகள் ஷரோனுக்குக் கலியாணம் பொருந்தியது. அவள் லண்டனில் படித்து, அங்கேயே மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். மாப்பிள்ளை கிறிஸ்ரோபரின் பூர்வீகம் மானிப்பாய். பிறந்து வளர்ந்தது லண்டன். தமிழ் கொஞ்சம், பல் வரிசை நல்லது. கலியாணமும் அங்கேதான். கிருபைரட்ணமும் மியூரியலும் விசாவுக்குப் போட்டார்கள். இரண்டும் மறுக்கப்பட்டன. திரும்பி வருவார்கள் என்பதற்குப் போதிய காரணம் இல்லையாம்.

"நான் லண்டனிலை ஒளிச்சிருந்து என்னத்தைச் செய்யிறது?" என்று கிருபைரட்ணம் கொதித்தார். "அங்கை கேபிள் எல்லாம் எப்பவோ போட்டாச்சே!"

அன்றிரவு ஷரோன் வீடியோவில் அழுதாள். அவளுக்குப் பின்னால் அருள்நேசன் நின்றார். "மச்சான், யோசியாதேங்கோ. நான் கொண்டுபோய் விடுறன். அந்தக் கேள்விக்கும் நானே மறுமொழி சொல்லுறன்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். கிருபைரட்ணத்துக்கு அது பொறுக்கவில்லை. தன் மனைவியைக் கொடுக்க யோசித்த அதே வாய், தன் மகளையும் கொடுப்பதா? கேட்டுக்கொண்டு உயிரோடிருப்பதா?

"கையை மச்சான் குடுக்கட்டும்" என்றார் அவர். "வாய் நான் குடுப்பன். இஞ்சை எங்கடை கோயிலிலை இருந்து, லைவிலை."

லண்டன் போதகர் நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். அங்கே தேவாலயத்தில் ஒரு பெரிய திரை, இங்கே ஒரு பெரிய திரை. கேள்வி அங்கே, பதில் இங்கே. லைன் அறுந்தால் மட்டும் அருள்நேசன் சொல்வார் என்று தீர்மானமாயிற்று. "லைன் அறாது" என்றார் கிருபைரட்ணம். அந்த ஒரு சொல்லில் அவருடைய முழு மானமும் தொங்கியது.

இன்ரநெற், போதகர் குடியிருக்கும் மிசன் வீடு வரைதான் வந்திருந்தது. அங்கிருந்து தேவாலயம், பெரிய வளவைத் தாண்டி, இருநூற்றைம்பது மீற்றர். செப்புக் கேபிளுக்கு ஈதர்நெற் வைத்த எல்லை நூறு மீற்றர். ஆகவே பைபர். கண்ணாடி நூலுக்குள்ளால் வெளிச்சம் ஓடும். இருநூற்றைம்பது என்ன, பத்துக் கிலோமீற்றர் என்றாலும் களைக்காது. வளவை ஒட்டி வெங்காயத் தோட்டம் செய்யும் இராசநாயகம் வாய்க்கால் வெட்டுகிற மண்வெட்டியோடு வந்து கேபிள் தாட்கக் கிடங்கு வெட்டிக் கொடுத்தார். சைவர், அம்மன் கோயில் பரிபாலன சபையில் உறுப்பினர், கிருபைரட்ணத்தின் பள்ளித் தோழர். வெட்டும்போது கேள்வி கேட்காமல் அவருக்கு வெட்ட வராது.

"இதுக்குள்ளாலை எவ்வளவு ஓடும், கிருபை?"

"பத்து கிகாபிற்."

"மிசன் வீட்டிலை இருந்து வெளியிலை போறது?"

"நூறு மெகாபிற்."

இராசநாயகம் மண்வெட்டியை நிறுத்தினார். "பத்து கிகா எண்டா நூறு மெகாவிலை எத்தினை மடங்கு?"

"நூறு மடங்கு."

"கிணத்திலை ஒரு வாளி தண்ணி. அதுக்கு நீர் ஆத்தை வெட்டுறீர். ஒரு கிகா போட்டாக் காணாதோ, போதாதோ?"

"வருங்காலத்துக்கு" என்றார் கிருபைரட்ணம். அந்த வருங்காலத்தில் தேவாலயம் என்ன செய்யப்போகிறது என்று இராசநாயகம் கேட்கவில்லை. உண்மை என்னவென்றால், லண்டன்காரருக்கு முன்னால் ஒரு கிகாபிற்றில் போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

சாமான்களை அருள்நேசன் வாங்கி அனுப்பினார். முதலில் வந்த மொடியூல்கள், பைபர் முனையைச் சொருகுகிற சிறு துண்டுகள், வேறு சாதிப் பைபருக்கானவை. தடித்த நூலுக்குப் பொருந்துவது, மெல்லிய நூலுக்குப் பொருந்தாது. வண்டில் சில்லைச் சைக்கிளுக்குப் பூட்டச் சொன்ன கதை. கிருபைரட்ணம் ஒரு நீண்ட குரல்பதிவு அனுப்பினார். அதில் ஈதர்நெற் நியமங்கள் முக்கால் பங்கு, பழைய கோபம் கால் பங்கு. அருள்நேசன் சரியானதை வாங்கி அனுப்பினார். கூடவே ஒரு சுவிற்ச்: கறுப்புப் பெட்டி, காற்றாடி கிடையாது, சத்தம் கிடையாது, மேல்மூடியாலேயே சூட்டை வெளியே விடுவது. பைபரை ஒரு பக்கம் வாங்கி, மற்றப் பக்கம் கணினிக்குக் கொடுக்கும். அந்தப் பெட்டியின் மேல் ஒரு பித்தளைத் தகடு. "அன்பளிப்பு: அருள்நேசன் குடும்பம், லண்டன்."

இதில் அருள்நேசனைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தேவாலயத்தில் பெயர் இல்லாத சாமானே இல்லை. வாங்குகளில் பெயர், ஓர்கனில் பெயர், கைகழுவுகிற தொட்டியில் பெயர். மின்விசிறியின் மூன்று இதழ்களிலும் மூன்று குடும்பங்கள்; சுழலும்போது மூன்றும் ஒற்றுமையாகிவிடும், நிறுத்தினால் பழையபடி பிரிந்துவிடும். ஆனால் கிருபைரட்ணத்துக்கு அந்தத் தகடு மட்டும் கண்ணில் குத்தியது. கிடங்கு வெட்டுவித்துக் கேபிள் தாட்டது அவர். முனை சேர்த்தது அவர். பெயர் கூரையைப் பார்த்தவனுக்கு.

கலியாண நாள், ஆவணி மாதச் சனிக்கிழமை. லண்டனில் மத்தியானம் பன்னிரண்டு, இங்கே பின்னேரம் நாலரை. காலையிலிருந்து மூன்றுதரம் சோதித்துப் பார்த்தாயிற்று. படம் பளிங்குமாதிரி வந்தது. கிருபைரட்ணம் கோட்டும் ரையும் கட்டி, மியூரியல் தன் கலியாணக் காஞ்சிபுரத்தைக் கட்டி, சபையார் பூவும் பவுடருமாக வந்து வாங்குகளில் நிறைந்தார்கள். பக்கத்து அம்மன் கோயிலில் அன்றுதான் வேட்டைத் திருவிழா. அதை விட்டுவிட்டு இராசநாயகம் வேட்டி சால்வையோடு கடைசி வாங்கில் வந்து குந்தியிருந்தார். "அம்மன் வருசா வருசம் வேட்டைக்குப் போவா. உம்மடை பிள்ளை ஒருக்காத்தானே" என்றார்.

சுவிற்ச் திரைக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேசையில் இருந்தது, மேற்குச் சன்னலின் கீழ். வந்தவர்கள் எல்லாரும் அதன் பக்கமாகத்தான் நடந்தார்கள். நடந்தவர்கள் குனிந்து வாசித்தார்கள். "அட, அருள்நேசன்ரை உதவியோ! நல்ல மனிசன்" என்றது ஒரு குரல். "அவர் இல்லாட்டி இது நடக்குமே" என்றது இன்னொன்று. மூன்றாவது குரல் வருமுன் கிருபைரட்ணம் பீடத்துக்குப் பக்கத்து மேசையில் கிடந்த வெள்ளைப் பின்னல் துணியை எடுத்துவந்து சுவிற்ச்சின் மேல் விரித்தார். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதினமில்லை. ரேடியோவுக்கும் ரீவிக்கும் பிரிஜ்ஜுக்கும் பின்னல் துணி போடாத கிறிஸ்தவ வீடு உண்டா? ஆனால் பின்னலின் ஓட்டைகளுக்குள்ளால் "அருள்நேசன்" எட்டிப் பார்த்தார். எனவே துணியை நாலாக மடித்துப் போட்டார். அது வழுக்காமலிருக்க மேலே ஒரு பூச்சாடியும் வைத்தார். இப்போது பார்க்க ஒரு குட்டிப் பீடம் மாதிரி அழகாக இருந்தது.

செப்புக் கம்பியில் பத்து கிகாபிற் ஓட்டுவது பாவம் செய்கிற மாதிரி. செய்யலாம், ஆனால் சூடு நிச்சயம். சுவிற்ச்சிலிருந்து கணினிக்குப் போன இரண்டு முழக் கேபிளையும் அவர் பத்து கிகாபிற் செப்பு மொடியூலில்தான் பூட்டியிருந்தார். விரல் வைத்தால் சுடுகிற சாமான் அது. அதைச் சொல்லித்தரச் சொன்னால் அவர் ஒரு மணித்தியாலம் வகுப்பெடுப்பார். அந்த நேரம் அவருடைய மூளை முழுக்க அந்தத் தகட்டில் இருந்தது.

லண்டன் திரையில் வந்தது. ஓர்கன் முழங்கியது. வெள்ளைச் சேலையில் ஷரோன் நடந்து வந்தாள், மாமனின் கையைப் பிடித்தபடி. அருள்நேசன் மெலிந்திருந்தார், தலை முழுக்க நரை. இங்கே வாங்குகளில் மூக்குறிஞ்சும் சத்தம் தொடங்கியது. கிருபைரட்ணம் கமராவுக்கு முன்னால் தயாராக நின்றார். சொல்லவேண்டிய இரண்டு சொல்லையும் ஒரு கிழமையாகக் குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தவர். முதல் பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. லண்டன் போதகர் புத்தகத்தைப் புரட்டினார்.

திரை அப்படியே உறைந்தது. போதகரின் வாய் பாதி திறந்திருந்தது, ஷரோனின் கண் பாதி மூடியிருந்தது. பிறகு அதுவும் போய் நீலத் திரை வந்தது.

"அணில்!" என்றார் கிருபைரட்ணம். "அணில் கடிச்சிட்டுது!" பைபர் நிலத்துக்குக் கீழே இரண்டடியில் கிடந்தது; அங்கே அணிலுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்குமுன் அவர் கதவைத் தாண்டிவிட்டார். கோட்டும் ரையும் பறக்க, ஆவணி வெயிலில், இருநூற்றைம்பது மீற்றரையும் ஓடினார். கட்டியிருந்த பசு எழும்பி நின்று பார்த்தது. மிசன் வீட்டுப் பக்கத்துப் பெட்டியில் இன்ரநெற் விளக்கு எரிந்தது. பைபர் விளக்கு மட்டும் செத்துக் கிடந்தது. அப்படியானால் வளவுக்குள் எங்கோ நூல் அறுந்துவிட்டது. அறுந்த நூலை ஒட்டுகிற மெசின் ரவுணில் இருந்தது. ரவுண் அரை மணித்தியாலத்துக்கு அப்பால் இருந்தது.

கலியாணம் அரை மணித்தியாலம் காத்திருக்காது. இந்நேரம் அங்கே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். இந்நேரம் மச்சான் மறுமொழி சொல்லியிருப்பார், இம்முறை யோசிக்காமல், கணீரென்று. தன் பிள்ளையைத் தான் கொடுக்கவில்லை. லைன் அறாது என்று வாய்விட்ட மனிதன் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருக்கிறான்.

திரும்பி ஓடிவந்தபோது தேவாலயம் சந்தையாக இருந்தது. பத்துப் பேர் பத்துத் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒன்றிலும் எடுபடவில்லை. அம்மன் குதிரையேறி வேட்டைக்குப் புறப்பட்ட நேரம். அயலூர்ச் சனமெல்லாம் அங்கே நின்று லைவ் போட்டுக்கொண்டிருந்தது. தொலைபேசிக் கோபுரத்தில் ஒரு துளி சிக்னல் மிச்சமில்லை. மியூரியல் அண்ணனுக்கு அனுப்பிய செய்தி போய்ச் சேராமல் ஒற்றைச் சரியோடு நின்றது.

"நாயகம், மண்வெட்டியை எடும். கிண்டுவம்" என்றார் கிருபைரட்ணம்.

"எவடத்திலை?"

"முழுக்க!"

இராசநாயகம் சால்வையை இடுப்பில் கட்டினார். மியூரியல் அந்தச் சிறு மேசையருகே நின்று அழத் தொடங்கியிருந்தாள். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, பிள்ளை அநாதை மாதிரி நிற்கிறாளே என்பதுதான் அவள் அழுகையின் சாரம். கைலேஞ்சியைத் தேடினாள், காணவில்லை. பூச்சாடியைத் தள்ளிவிட்டு, அதன் கீழே கிடந்த வெள்ளைத் துணியை உருவி முகத்தில் வைத்தாள். வைத்தவள் துள்ளிப்போய் எடுத்தாள்.

"என்னப்பா இது? அடுப்புப் பிடிதுணி மாதிரிச் சுடுது!"

கிருபைரட்ணம் நின்றார். சுவிற்ச்சில் ஒரு விளக்கும் இல்லை. சூடு தாங்காமல் தானாகவே தன்னை நிறுத்திக்கொண்டு, கறுப்பாகப் பேசாமல் கிடந்தது. துணிக்குக் கீழே இருந்ததால் அது செத்தது யாருக்கும் தெரியவில்லை. கையை வைத்தார், எடுத்தார். அணில் இல்லை, நூல் அறவில்லை.

"ஆர் இதை மூடினது?" என்றாள் மியூரியல்.

சபையில் மூடியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். இராசநாயகம் மட்டும் பித்தளைத் தகட்டைப் பார்த்தார், பிறகு தோழனைப் பார்த்தார், பிறகு சால்வையை அவிழ்த்து விசிறத் தொடங்கினார். மியூரியல் ஞானப்பாட்டுப் புத்தகத்தால் விசிறினாள். முன் வாங்கு முழுக்க எழும்பி வந்து, கையில் கிடைத்ததால் எல்லாம் விசிறியது. ஒரு கறுப்புப் பெட்டிக்கு அப்படியொரு பணிவிடை அந்தத் தேவாலயத்தில் முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

கிருபைரட்ணம் கோட்டு முனையால் பிடித்து அந்தச் சூட்டு மொடியூலைப் பிடுங்கினார். கணினிக் கேபிளைப் பக்கத்திலிருந்த சாதாரணத் துளையில் பூட்டினார். மின்சாரத்தைக் கழற்றி மறுபடி கொடுத்தார்.

"இப்ப எத்தினை?" என்றார் இராசநாயகம் விசிறியபடி.

"ஒரு கிகா."

"காணுமோ?"

"காணும்" என்றார் கிருபைரட்ணம். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சிறிய குரலில் எதையும் சொன்னதில்லை.

விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. நீலத் திரை போனது. முதலில் வந்தது பாட்டு. லண்டன் தேவாலயத்தில் எல்லாரும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தார்கள், களைத்த பாட்டு, எப்போது விடுவார்கள் என்கிற பாட்டு. நடுவில் ஒருவர் மட்டும் உச்சக் குரலில், சுருதி சேராமல், மற்றவர்களை இழுத்துக்கொண்டு போனார். அருள்நேசன். ஒரு கையில் புத்தகம், மற்றக் கையில் ஷரோனின் கை, கண் மட்டும் திரையில். கிருபைரட்ணத்தின் முகம் தெரிந்ததும் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். பாட்டு பாதி அடியில் நின்றது.

"வந்திட்டியளோ மச்சான்" என்றார். "பாஸ்ரர் என்னைச் சொல்லச் சொன்னவர். நான் மாட்டன் எண்டிட்டன். அந்த மனிசன் போட்ட லைன், வரும் எண்டனான். மூண்டாந்தரம் பாடுறம்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. லண்டன் போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தமிழில் எழுதிவைத்திருந்ததைக் கவனமாக வாசித்தார்: "இந்தப் பெண்ணை இந்த மனுஷனுக்கு மனைவியாகக் கொடுப்பது யார்?"

கிருபைரட்ணம் வாயைத் திறந்தார்.

ஷரோன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லுக் கம்பி போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் கேபிள் பெட்டிக்கு முன்னால் இருந்து, எட்டு நிறத்தையும் பாட்டாகச் சொல்லிக்கொண்டு வந்த பிள்ளை. இந்த இரண்டு சொல்லைச் சொன்னால் அவள் போய்விடுவாள். சொல் நெஞ்சுக்குள் இருந்தது, வாய்க்கு வரவில்லை. அவர் மேலே பார்த்தார். கூரையில் மின்விசிறி மூன்று குடும்பங்களையும் ஒன்றாக்கிச் சுழன்றுகொண்டிருந்தது. கூரையைப் பார்த்தால் கண்ணீர் வெளியே விழாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அன்றைக்கு அந்த மனிதன் யோசிக்கவில்லை. தகப்பன் இல்லாமல் வளர்த்த தங்கையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்று, அழாமலிருக்கக் கூரையைப் பார்த்திருக்கிறான். அதைப்போய் அவமானம் என்று முப்பது வருடம் பூட்டி வைத்திருந்தது தான்தான்.

லண்டனில் சலசலப்பு. "திரும்பவும் நிண்டிட்டுது" என்றது ஒரு குரல். "படம் அசையேல்லை. லைன் போயிட்டுது."

அருள்நேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருந்தார். கைலேஞ்சியால் அதை மெதுவாகத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "லைன் நல்லா இருக்கு. அவரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ."

எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்.

"நான் கொடுக்கிறேன்" என்றார் கிருபைரட்ணம் கடைசியில். பிறகு, புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்தார்: "மச்சானும் நானும்."

கலியாணம் முடிந்து, கேக் பரிமாறி, சனம் கலையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இராசநாயகம் அம்மன் திரும்பி வருவதையாவது பார்க்கலாம் என்று ஓடிப்போனார். மியூரியல் தேவாலயத்தைக் கூட்டி ஒதுக்கினாள். வெள்ளைத் துணியை உதறி மடித்து, அந்த மேசைக்கு வந்தாள். தகடு விளக்கொளியில் மினுங்கியது.

"இதைத் திரும்ப மூடேல்லையோ?" என்று புருஷனைக் கேட்டாள்.

"வேண்டாம்" என்றார் கிருபைரட்ணம். "காத்துப் படட்டும்."